கடலில் பிடித்த கெண்டை

அந்தக் கடற்கரை ஊரில் அவரை ரெண்டுதண்ணிக்காரர் என்றால்தான் தெரியும். பெயரைக் கேட்டதும் யாரும் மனிதரைப் பற்றித் தப்புக்கணக்குப் போட்டுவிடக் கூடாது. அவர் சோடாவைக்கூட ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். விடுமுறைக்கு வருகிறவர்களைக் காலையில் உப்புத்தண்ணீரிலும், மதியத்துக்கு மேல் நல்ல தண்ணீரிலும் மீன்பிடிக்க அழைத்துப் போவதுதான் அவருடைய பிழைப்பு. காலையில் மோட்டார் படகு, கடல். பிறகு ஒரு லொடலொட வேன். மேட்டில் ஏறி அந்தப்பக்கம் இறங்கினால் ஏரி. கரை நெடுகப் படகுக்காரர்கள் இருந்தார்கள், ஏரிக்கும் ஆட்கள் இருந்தார்கள். இரண்டு தண்ணீரிலும் கால் வைத்தவர் அவர் ஒருவர்தான்.

வைத்த கால்களை அவர் குழப்பிக்கொண்டதே இல்லை. கடல் தூண்டில்களின் கைப்பிடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு, ஏரித் தூண்டில்களில் பச்சைக் கோடு. நைலான் நரம்பு வேறு, தூண்டில் முள் வேறு, கை துடைக்கிற துண்டுகூட வேறு. படகில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு பாடம் நடக்கும். எந்த மீனுக்கு எந்தத் தண்ணீர், இடம் மாறினால் என்ன ஆகும் என்றெல்லாம் விளக்குவார். ஏரி மீனைக் கடலில் போட்டால் அது தண்ணீருக்குள்ளேயே தாகத்தில் செத்துப்போகும் என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் சொன்னவற்றில் உண்மையானது அது ஒன்றுதான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பாடம் முடிந்தால் கதை. அவர் கையிலிருந்து நழுவிப்போனதாகச் சொன்ன மீன்களையெல்லாம் ஒரே நாளில் திரும்பக் கொண்டுவந்து கடலில் விட்டிருந்தால், தண்ணீர் பொங்கி ஹோட்டல்களின் இரண்டாவது மாடிக்கு ஏறியிருக்கும். ஏரிக்கரைக் கொசு ஒன்று மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு பறந்ததும், பாதி வழியில் மோந்து பார்த்து, தான் சைவம் என்று நினைவு வந்து, திருப்பிக் கொண்டுவந்து வைத்ததும் அவர் கண்ணால் பார்த்தது.

ஆனால் பொய்யெல்லாம் வாயோடு சரி, தூண்டிலில் கிடையாது. மற்றப் படகுகளில் மாப்பிள்ளை என்று ஒன்று உண்டு. படகின் அடித்தொட்டியில் உயிரோடு வைத்திருக்கிற மீன். வேளாவேளைக்குத் தின்றுவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் கிடக்கும், போட்டோவுக்கு மட்டும் வெளியே வரும், அதனால் அந்தப் பெயர். ஒன்றும் சிக்காத பயணி வேறு பக்கம் பார்க்கும்போது படகுக்காரர் நரம்பை இழுத்து, மாப்பிள்ளையை முள்ளில் மாட்டி, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் விட்டுவிடுவார். பயணிக்கு ஆனந்தம். அதே மாப்பிள்ளை அடுத்த வாரம் வேறொருவருடைய போட்டோவிலும் சிரிப்பார். ரெண்டுதண்ணிக்காரர் இந்த வேலையைத் தொட்டதே இல்லை. அவர் படகில் வெறுங்கையோடு இறங்கினவர்கள் நிறைய. இறங்கும்போது சிரித்துக்கொண்டுதான் இறங்குவார்கள், கதைதான் மூட்டை மூட்டையாக இருக்கிறதே.

இறங்கினதும் போய்விடுவார்கள். அதுதான் அந்த ஊர். வருகிறவர்கள் எல்லோரும் போவதற்கென்றே வந்தவர்கள். ஹோட்டல் வரவேற்பறைச் சுவர்களில் அவருடைய படகு இருக்கும், மீன் இருக்கும், மீனைப் பிடித்தவர் பல்லெல்லாம் தெரிய நிற்பார். இவர் மட்டும் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார், எடுத்தது இவர்தானே. உற்றுப் பார்த்தால் ஓரிரு படங்களின் மூலையில் ஒரு கட்டைவிரல் தெரியும். ஊரில் அவருக்கு இருக்கிற உருவப்படம் அவ்வளவுதான்.

குடியிருப்பு, ஐஸ்கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே ராத்திரி பகலாக ஐஸ் கட்டிகள் அடுக்கியிருப்பதால் கோடையிலும் அந்த அறையின் தரை சில்லென்று இருக்கும். வெறுங்காலோடு நடக்க முடியாது. சுவர் நீளத்துக்குத் தூண்டில்கள், குளியலறையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம், ஜன்னலோரம் ஒரே ஒரு நாற்காலி. மனைவி காலமான பிறகு இரண்டாவது நாற்காலியின் மேல் நரம்புச் சுருள்களை வைக்க ஆரம்பித்தார். நாளடைவில் அது நாற்காலி என்பதே மறந்துபோயிற்று. பகலெல்லாம் தொண்டை வறளப் பேசுகிறவர், கதவைச் சாத்தினால் மறுநாள் காலைவரை ஒரு வார்த்தை பேச மாட்டார். யாரிடம் பேசுவது? கீழே ஐஸ்கடை வைத்திருந்தவன் அவருடைய மனைவியின் தம்பிதான். நல்லவன், ஆனால் வாயைத் திறந்தால் கிண்டல். கேலிக்கு ஆள் இருந்தது. பேச்சுக்குத்தான் ஆள் இல்லை.

பயணிகளில் திரும்பத் திரும்ப வந்தவர் ஒரே ஒருவர். எங்கேயோ உள்நாட்டு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒரு அம்மாள். முதலில் கணவரோடு வந்துகொண்டிருந்தார். கணவருக்கு மீன்பிடிப் பைத்தியம். அவர்தான் ரெண்டுதண்ணிக்காரரைக் கேப்டன் என்று கூப்பிட ஆரம்பித்தவர். அவர் தவறிப்போன மறுவருடம் அம்மாள் தனியாக வந்து இறங்கினார். கையில் கணவருடைய தூண்டில். மடக்கவும் முடியாத, பிரிக்கவும் முடியாத, ஒரே துண்டாக நீண்ட பழைய தூண்டில். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அதே வாரம், காலையில் கடல், மதியம் ஏரி. ஒரு வருடமும் ஒரு மீன்கூடச் சிக்கியதில்லை. பக்கத்துப் படகுகளில் குழந்தைகள்கூட இழுத்துப் போடும்போது அம்மாளின் முள்ளில் பாசிகூட மாட்டாது.

அம்மாள் தனியாக வந்த அந்த முதல் வருடமே அவர் தம்முடைய பெரிய கதை ஒன்றை எடுத்துவிட்டார். யாரோ தவறவிட்ட மூக்குக்கண்ணாடியை ஒரு மீன் மாட்டிக்கொண்டதும், அதற்குப் பிறகு தூண்டிலையெல்லாம் தூரத்திலேயே அடையாளம் கண்டு ஒதுங்கிப்போனதுமான கதை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிற இடத்தில் அம்மாள் சிரிக்கவில்லை.

"அந்தக் கண்ணாடி என்ன பவர்?" என்று கேட்டார்.

இத்தனை வருடங்களில் அவருடைய பொய்க்குள் புகுந்து உட்கார்ந்து கேள்வி கேட்டவர் யாரும் இல்லை. இவர் யோசித்து, தூரத்தில் இருப்பதைப் பார்க்கிற கண்ணாடி என்றார். அப்படியானால் கிட்டத்தில் இருக்கிற முள் தெரிந்திருக்காதே, சிக்கியிருக்குமே என்றார் அம்மாள். அன்றைக்கு அறைக்குத் திரும்பிய பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அவர் தனியாகச் சிரித்தார். அடுத்த வருடத்துக்கு ஒரு நல்ல பதில் தயார் செய்ய வேண்டியிருந்தது. அதிலிருந்து வருடம் முழுவதும் அவர் சேர்த்துவைத்த கதைகளில் நல்லதெல்லாம் அந்த ஒரு வாரத்துக்கென்று ஒதுங்கியது. மற்ற பெண்களையெல்லாம் மேடம் என்றுதான் கூப்பிடுவார். அம்மாளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கூப்பிடவே தேவைப்படாத மாதிரி வாக்கியங்களை வளைத்து வளைத்துப் பேசப் பழகிக்கொண்டார்.

இப்படியே போய்க்கொண்டிருக்கையில் ஒரு வருடம், வருகிற நாளைச் சொல்ல அம்மாள் போன் செய்தபோது குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "இந்தத் தடவையும் ஒண்ணும் சிக்கலைன்னா, இனிமே வர்றதா இல்ல கேப்டன்," என்றார். இவர் ஏதோ சிரிக்கிற மாதிரிச் சத்தம் கொடுத்துவிட்டு போனை வைத்தார். பிறகு வெகுநேரம் ஐஸ்கடை வாசலில் நின்றார்.

மைத்துனன் என்னவென்று கேட்டான். சொன்னார்.

"சரி, மீன் சிக்கலைன்னா வரமாட்டாங்க. சிக்கிட்டா மட்டும் எதுக்கு அத்தான் வருவாங்க? அதான் கிடைச்சிடுச்சேன்னு வீட்டுல இருந்துட மாட்டாங்களா?"

"ஒரு மீன் பிடிச்சவங்க ரெண்டாவது மீனுக்கு வராம இருக்க மாட்டாங்கடா."

"ஓகோ. இது மீனைப் பத்தின கவலைதானா?" என்று கேட்டுவிட்டு, மரத்தூளைத் தட்டிவிட்டு ஐஸ் கட்டியை உடைக்கப் போய்விட்டான் அவன். அவனுக்கு அது வழக்கமான கிண்டல். இவருக்கு அது நெஞ்சுக்குள் போய் முள் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

அம்மாள் வருவதற்கு முந்தின நாள், யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் ஏரிக்குப் போனார். பச்சைக்கோடு தூண்டிலைப் போட்டு உட்கார்ந்து, அகலச் செதிலும் தடித்த உதடுமாக ஒரு கெண்டையைப் பிடித்தார். அதை நோகாமல் வாளியில் விட்டு, துணைக்குக் கொஞ்சம் ஏரிப்பாசியும் அள்ளிப் போட்டு, திருட்டுச் சாமான் கொண்டுவருகிறவர் மாதிரி ஐஸ்கடையின் பின்பக்கப் படியால் மேலே ஏற்றினார். கெண்டை நீல டிரம்மில் தங்கியது. வாழ்நாளில் அவர் வைத்துக்கொண்ட முதல் மாப்பிள்ளை. திட்டம் என்னவென்றால், காலையில் கடலில் எப்போதும்போல ஒன்றும் சிக்காது. மதியம் ஏரியில் அம்மாள் வேறு பக்கம் பார்க்கிற நேரத்தில் கெண்டை சிக்கும்.

மறுநாள் விடிந்ததும் ஒரு சிக்கல். கெண்டையை அறையில் விட்டால் மைத்துனன் எதற்காவது மேலே வந்து பார்ப்பான். பிறகு ஊர் முழுக்கக் கல்யாணச் செய்தி பரவிவிடும். வேனில் விட்டால் வெயிலில் வெந்துபோகும். ஆகவே காற்றுக்குமிழி விடுகிற சின்ன மோட்டாரோடு வாளியைப் படகுக்கே கொண்டுபோய், முன்பலகைக்கு அடியில் ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்தார்.

அம்மாள் கொஞ்சம் மெலிந்திருந்தார். கடல் அமைதியாகத்தான் இருந்தது. வழக்கமான இடத்தில் மோட்டாரை நிறுத்தி, தூண்டிலைப் போட்டு, கைப்பிடியைப் பலகையிலுள்ள குழாயில் செருகியாயிற்று. இவர் வருடம் முழுக்கச் சேர்த்ததில் ஒரு கதையை எடுத்தார். அம்மாள் கேட்டார், ஆனால் உள்ளே புகுந்து கேள்வி கேட்கவில்லை. இரண்டாவது கதைக்கும் கேட்கவில்லை. கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியதும், மதியம் ஏரிக்கு வரவில்லை, கடல் மட்டும் போதும், மதிய பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுகிறேன் என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் சுருட்டிவிடலாமே என்றும் சொன்னார்.

ஏரி இல்லையென்றால் கெண்டை இல்லை. கெண்டை இல்லையென்றால் அடுத்த வருடம் இல்லை. இதற்குமேல் அவருடைய மூளை ஒரு அடி எடுத்துவைக்கவில்லை. சிவப்புக் கோடு, பச்சைக் கோடு, அத்தனை வருடப் பாடம் எல்லாம் அலையில் கரைந்துபோயிற்று. பலகைக்கு அடியில் ஒரு மீன் இருக்கிறது, கண்ணெதிரே முள் இருக்கிறது, அவ்வளவுதான் தெரிந்தது.

"அங்க பாருங்க, டால்பின்," என்றார். அந்தக் கடலில் டால்பின் வந்ததாக அவரே இதற்கு முன்னால் பொய் சொன்னதில்லை.

அம்மாள் அந்தப்பக்கம் திரும்பி, கையை நெற்றியில் வைத்துத் தேடினார். பாவம், உண்மையாகவே தேடினார். இவர் நரம்பை இழுத்தார், சாக்கைத் தள்ளினார், கெண்டையின் உதட்டோரம் முள்ளை மாட்டி மெல்ல நழுவவிட்டார். உப்பு பட்டதும் கெண்டைக்குக் கிறுக்குப் பிடித்தது. தூண்டில் வில்லாக வளைந்தது.

"சிக்கிருச்சு, சுத்துங்க," என்று கத்தினார்.

அம்மாள் பாய்ந்துவந்து தூண்டிலைப் பிடித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு சுற்றினார். கன்னம் சிவந்துபோயிற்று. அந்தச் சில நிமிடங்கள் அம்மாளுக்கு வயதே இல்லை. இவரும் வலையை நீட்டிக்கொண்டு, தாம் செய்ததையே மறந்து, நிஜமாகவே ஒரு மீன் சிக்கியது மாதிரிச் சந்தோஷப்பட்டார். மீன் மேலே வந்தது. படகுக்குள் விழுந்தது. வெயிலில் பொன்னாக மின்னியது. அதன் செவுளோரம் பச்சையாக ஒரு கீற்று ஏரிப்பாசி ஒட்டியிருந்தது.

அம்மாள் நெற்றிக்கு ஏற்றியிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். குனிந்து பார்த்தார். நெருங்கிப் பார்த்தார்.

"கேப்டன், இது கெண்டைதானே?"

அப்போதுதான் அவரும் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் காதுமடல்வரை சூடேறியது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? அது பழக்கதோஷத்தில் தானாகவே கிளம்பிவிட்டது. போன மழையில் ஏரி உடைப்பெடுத்து ஓடையில் கலந்ததாம், ஓடை கடலில் கலந்ததாம், அதில் இந்தக் கெண்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உப்புக்குப் பழகி, இரண்டு தண்ணீரிலும் வாழ்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு... அம்மாள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். கேட்டுக்கொண்டே மீனின் உதட்டிலிருந்து முள்ளைக் கழற்றினார். சாக்கு விலகிக் கிடந்த இடத்தில் வாளி இருப்பதைப் பார்த்தார். காற்றுக்குமிழி கொப்பளிக்கிற அந்த நல்ல தண்ணீருக்குள் மீனைத் தாமாகவே விட்டார்.

"கதை நல்லா இருக்கு. இப்ப கதை வேண்டாம். ஏன் இப்படிச் செஞ்சீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

படகு ஆடியது. வாளிக்குள் மோட்டார் முனகியது. இவருக்கு வாய் இருக்கிற இடத்தில் வாய்தான் இருந்தது, பேச்சைக் காணோம். அம்மாள் அவசரப்படுத்தவில்லை. கடையில் பார்வை சோதிக்க உட்கார்ந்திருப்பவர் எழுத்தைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பாரே, அப்படிக் காத்திருந்தார்.

"சிக்கலைன்னா வரமாட்டேன்னு போன்ல சொன்னீங்க," என்றார் கடைசியில். அவருடைய குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது.

"ஆமா, சொன்னேன்."

"அதான்."

அம்மாள் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கடையைப் பற்றிச் சொன்னார். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, சின்னத் திருகாணியை மாட்ட முடியவில்லை. கடையை விற்றாயிற்று. மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி, நாளைக்கே சாமான் கட்ட வருகிறாள். அவள் இருப்பது இன்னும் உள்ளே, குழாய்த்தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரே இல்லாத ஊர். அம்மாவைத் தனியாகக் கடலுக்கு அனுப்ப அவள் சம்மதிக்க மாட்டாள். தூண்டிலைப் பார்த்தாலே அப்பா நினைவு வந்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"இனிமே வரமாட்டேன்னு சும்மா சொல்ல எனக்கும் ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் மீன் மேல பழியைப் போட்டேன். நீங்களும் அது மேலதான் போட்டிருக்கீங்க."

வாளிக்குள் கெண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க வரணும்," என்றார் அவர். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். "மீனுக்காக இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"வருஷா வருஷம் ஒண்ணுமே சிக்காத தூண்டிலைத் தூக்கிட்டு நான் எதுக்கு வந்தேன்னு நினைச்சீங்க? என் கடைக்கு வர்றவங்க எழுத்தைப் படிப்பாங்க, கண்ணாடியை வாங்கிட்டுப் போவாங்க. யாரும் எனக்காக ஒரு பொய் சொன்னதில்ல." அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா வர முடியாது கேப்டன். அது நிஜம்."

அவர் மோட்டாரைக் கிளப்பிப் படகைக் கரைக்குத் திருப்பினார்.

பஸ் நிலையத்தில் ஒரு சின்னத் தகராறு. அந்த நீளத் தூண்டில் பஸ்ஸுக்குள் குறுக்காகவும் போகவில்லை, நெடுக்காகவும் போகவில்லை. யார் கண்ணையாவது குத்திவிடும் என்று கண்டக்டர் முணுமுணுத்தார். இங்கேயே வைத்துவிட்டுப் போகலாம், பத்திரமாக இருக்கும் என்று சொல்ல அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அம்மாள் அதை மார்போடு பிடித்திருந்த விதத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். கடைசியில் ஜன்னல் வழியாக நுனியை வெளியே நீட்டிவைக்க ஏற்பாடாயிற்று. வருகிறேன் என்று சொல்லக் கூடாதே என்று அம்மாளும், வாருங்கள் என்று சொல்லக் கூடாதே என்று இவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஸ் நகர்ந்தது.

அவர் வேனை நேராக ஏரிக்கு விட்டார். பக்கத்து இருக்கையில் வாளியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். மேட்டில் ஏறும்போது தண்ணீர் தளும்பி அவருடைய முழங்காலை நனைத்தது. ஏரிக்கரையில் யாரும் இல்லை. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கெண்டையை இரண்டு கையாலும் எடுத்து முங்கவைத்தார். உப்பு குடித்த மீன் நிமிர்ந்து நிற்கவில்லை. விட்டால் வயிற்றைக் காட்டியது. அப்படிப்பட்ட மீனை விடக் கூடாது, நிமிர்த்திப் பிடித்து முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்த வேண்டும், செவுளுக்குள் நல்ல தண்ணீர் போய்வர வேண்டும். அவருக்குத் தெரிந்த வேலைதான். நகர்த்திக்கொண்டே இருந்தார். வெயில் முதுகைச் சுட்டது. காலடியில் சேறு குளிர்ந்திருந்தது.

வெகுநேரத்துக்குப் பிறகு உள்ளங்கைக்குள் ஒரு துடிப்பு வந்தது. செவுள் திறந்தது, மூடியது. பிறகு ஒழுங்காகத் திறந்து திறந்து மூடியது. அதற்கு உயிர் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. இனி விரலை விரித்தால் போதும். மீனும் போகவில்லை. அவருக்கும் போகச் சொல்ல மனம் வரவில்லை. இரண்டும் அப்படியே கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் இருந்தன. ஒரு கதை சொல்லலாமா என்றுகூட நினைத்தார். எதுவும் தோன்றவில்லை.

கெண்டைதான் முடிவு செய்தது. வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கலங்கிய தண்ணீருக்குள் போய்விட்டது. கை மட்டும் இன்னும் அதே மாதிரி வளைந்திருந்தது. அவர் கரையேறி, கவிழ்த்துப் போட்டிருந்த ஓடத்தின் மேல் உட்கார்ந்தார். மதியச் சவாரிக்கு ஆள் இல்லை. ஏரி முழுக்க அவருக்கே இருந்தது.